அன்பு மகள்

அபிசாவின் தலைமாட்டில் எரிந்த விளக்கின் திரியை இராசம்மா தூண்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, நடராசா மாஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டு அஞ்சலி நோட்டீசுக்கு விபரம் கேட்டார்.

"பாலசிங்கம் இராசம்மா தம்பதிகளின் அன்பு மகள். சரிதானே, அக்கா?"

இராசம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டாள்.

சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய வருடம், பதிவுக்கு வந்தவர்கள் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். மூன்று பெற்றவள் நாலு என்றாள். பொய் சொல்லத் தெரியாத மனுசி, அன்றைக்கு மட்டும் பிசகாமல் சொன்னாள். செல்லடியில் புருசனோடு செத்துப்போன தங்கை பவளத்தின் எட்டு வயதுப் பிள்ளையை அநாதை விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம். "இனி என்னை அம்மா எண்டுதான் கூப்பிடவேணும்" என்றாள். அபிசா ஒரு நாளும் பிழைவிடவில்லை. பவளத்தின் பெயர் எந்தக் கடுதாசியிலும் இல்லாமற் போயிற்று. பவளத்தின் வயலும் இராசம்மாவின் வரம்புக்குள் வந்தது.

போன பொங்கலுக்குக் கம்பசிலிருந்து லீவில் வந்த அபிசா, வெங்காயம் உரித்தபடி தன் வானியல் படிப்பைப் பற்றி, நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றிச் சொன்னாள்.

"வெள்ளி மண்டலங்கள் கூடியிருக்கிற இடத்தில, நடுவில ஒண்டு பெரிசா இருக்கும் அம்மா. பக்கத்தில வாற சின்னன்களை விழுங்கி விழுங்கித்தான் கோடிக்கணக்கான வருசமாய் வளருது."

இராசம்மாவுக்குச் சுருக்கென்றது. "விழுங்கினதுகள் இல்லாமல் போயிடுமோ?"

"இல்லை. அதுகளின்ர வெள்ளியள் உள்ளுக்க எரிஞ்சுகொண்டுதான் இருக்கும். ஓடுற ஓட்டத்தைப் பாத்தே, வெளியில இருந்து வந்ததெண்டு பிடிக்கலாம்." பிறகு குனிந்தபடி கேட்டாள்: "நான் எழுதுற ஆய்வின்ர முதல் பக்கத்தில என்ர அம்மான்ர பேரைப் போடட்டோ?"

என்ர அம்மா. பவளத்தைத்தான் சொல்கிறாள். பதினாலு வருடத்தில் முதல் தடவை. இராசம்மா உலையைப் பார்க்கிற சாட்டில் எழும்பிப் போனாள். அபிசா பிறகு கேட்கவேயில்லை. இப்போது டெங்குக் காய்ச்சல் ஐந்தே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு ஒரு 'ஓம்' சொல்லியிருக்கலாமே என்று இராசம்மாவின் நெஞ்சு கிடந்து வெந்தது.

"எழுதுங்கோ மாஸ்டர். காலஞ்சென்ற தேவராசா பவளராணி தம்பதிகளின் ஒரே மகள்."

மாஸ்டரின் பேனை நின்றது. "அப்ப நீங்கள்?"

"பெரியம்மா எண்டு போடுங்கோ."

பின்னேரம் பாடை வெளிக்கிட்டது. பெண்கள் வாசல் படலையோடு நின்று "மகளே, மகளே" என்று குழறினார்கள். இராசம்மா மட்டும் படலையைப் பிடித்தபடி, பவளத்தின் பெயர் ஏறிச் சந்தியில் கட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.