துணிப்பைக்குள் ஒரு கை

பாண்டிச்செல்வியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை பத்தரை மணிக்கு, அவளுடைய வலது கை விஸ்வநத்தம் பக்கத்து அங்கன்வாடியின் நீலத் துணிப்பைக்குள் இருந்தது. கண்டுபிடித்தது அவளுடைய நாலு வயது மகள் தர்ஷிகா. அந்தப் பை விருதுநகரில் டீச்சர்களுக்கு நடந்த மூன்று நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விளையாட்டு. பிள்ளைகள் பார்க்காமல் உள்ளே கைவிட்டு, தொட்டுத் தடவி, இன்ன பொருள் என்று சொல்ல வேண்டும். டீச்சர் செல்லத்தாய் அன்று சோழி, புளியங்கொட்டை, தேங்காய் நார், உப்புத்தாள், பஞ்சு இவற்றைத்தான் போட்டிருந்தார். மற்ற பிள்ளைகள் அவற்றையே சொன்னார்கள். தர்ஷிகா மட்டும் விட்ட கையை எடுக்கவே இல்லை. என்னவென்று கேட்டதற்கு, “அம்மா கை” என்றாள்.

செல்லத்தாய் பையைக் கவிழ்த்தார். போட்ட பொருள்கள் மட்டும் விழுந்தன. பிறகு தானும் கைவிட்டுப் பார்த்தார். பத்து வயதிலிருந்து பசையும் தாளும் புழங்கிக் காய்த்துப்போன கை, கதகதப்பாக அவர் விரல்களைப் பிடித்தது. மணிக்கட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று தடவ அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பட்டாசு கம்பெனியில் ஷெட் வெடித்த அன்று, புருஷன் முனியராஜிடம் பாண்டிச்செல்வியின் உடம்பைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள், பிரித்துப் பார்க்க விடவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஊரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அம்மாள்கூட பைக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் ‘விளையாட்டுப் பொருள்கள் போதுமான அளவு உள்ளன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாய் போனதிலிருந்து ஒருவாய்ச் சோறு இறங்காமல் கிடந்த தர்ஷிகா, இடது கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிட ஆரம்பித்தாள். ஆடி போய் ஆவணி போய் சீசன் சூடு பிடித்தது. தீபாவளி லோடுக்காக வேன்கள் இருட்டோடு வந்து ஆட்களை ஏற்றிப் போயின. ஐப்பசி பிறந்த நாலாம் நாள் பிள்ளை பையைத் தள்ளி வைத்துவிட்டாள்.

“டீச்சர், இது யாரோ. எங்கம்மா கை இல்ல. வழவழன்னு இருக்கு.”

உண்மைதான். மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்த கையில் காய்ப்பு உரிந்து, தோல் பஞ்சாகியிருந்தது. தர்ஷிகா விலகிப் போன பிறகும் அந்த விரல்கள் அவளைத் தேடித் துணியைத் துழாவிக்கொண்டே இருந்தன. அதைத்தான் செல்லத்தாயால் தாங்க முடியவில்லை. பிள்ளை மறுபடி தட்டைத் தொடாமல் எழுந்தாள். மூன்றாம் நாள் எழக்கூட முடியவில்லை. செல்லத்தாய் முனியராஜைக் கூப்பிட்டு, கைக்கு வேலை கொடுத்தால் பழைய கை திரும்பிவிடும் என்று தனக்குத் தோன்றுவதைச் சொன்னார். அவன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“செத்த பெறகாச்சும் அவ சும்மா இருக்கட்டுமே, டீச்சர்.”

 அவன் சுவரோரம் சுருண்டு கிடந்த மகளைப் பார்த்தான். மறுநாள் காலை, வெடிக்குழாய் சுருட்டுகிற தாளில் ஒரு கட்டும் கிண்ணத்தில் பசையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல் வேன் ஏறினான்.

செல்லத்தாய் அவற்றைப் பைக்குள் வைத்தார். மதியம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் உள்ளே தாள் உரசுகிற சத்தம் கேட்டது. நிதானமாக, நிற்காமல் கேட்டது. சத்துணவு சமைக்கிற பத்திரகாளி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள், பிறகு கழுவினாள். பிள்ளைகள் விழித்தபோது எல்லாத் தாளும் குழாயாகியிருந்தது. ஒன்றுகூடக் கோணல் இல்லை. தினமும் இப்படியே நடந்தது; தர்ஷிகாவுக்குக் கஞ்சித் தண்ணி மட்டும் புகட்டி வந்தார்கள். எட்டாம் நாள் செல்லத்தாய் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, அவள் கையைப் பிடித்து உள்ளே விட்டார். தர்ஷிகா ஒவ்வொரு விரலாகத் தடவினாள். உள்ளங்கைக்கு வந்து அங்கேயே நின்றாள்.

“வந்துருச்சு” என்றாள். பிறகு சோறு கேட்டாள்.

 செல்லத்தாய்க்குச் சந்தோஷமும் பாவம் செய்துவிட்ட பயமும் ஒன்றாகவே இருந்தன. இனிமேல் அந்தக் கையை வருத்தக் கூடாது என்று முடிவு செய்து, மறுநாள் அவர் தாள் வைக்கவில்லை. பிள்ளைகள் தூங்கியதும் பை அசைந்தது. உள்ளிருந்து விரல்கள் துணியை மெல்லத் தட்டின. கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டின. செல்லத்தாய் எழுந்து போய் ஒரு கட்டுத் தாளை உள்ளே வைத்தார்.