தீர்ப்பை மாற்றிய நீதிபதி

நித்தியானந்தனுக்கு நடிக்கத் தெரியாது. உரத்த குரல் மட்டும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டண்டினொங்கில் வருஷா வருஷம் நாடகம் போடும் யோகராணி அக்காவுக்கு அது போதும். அமெரிக்கத் தலைமை நீதிபதி வேஷத்தை, பஞ்சில் செய்த முடியோடு அவன் தலையில் கட்டிவிட்டாள்.

ட்ரெட் ஸ்கொட் என்ற கறுப்பின அடிமையின் வழக்குத்தான் நாடகம். விடுதலை கேட்டுப் போனவனிடம், "நீ இந்த நாட்டுக் குடிமகனே இல்லை, வழக்குப் போடவும் உனக்கு உரிமையில்லை" என்று 1857இல் தீர்ப்புச் சொன்னார்கள், படுபாவிகள். அந்த வரியைச் சொல்வதுதான் நித்தியின் வேலை. அடுத்த காட்சி, அந்தத் தீர்ப்பும் சேர்ந்து மூட்டிய உள்நாட்டுப் போர்.

அங்கேதான் வந்தது வினை. நித்தி இலங்கையிலிருந்து படகில் வந்தவன். பதின்மூன்று வருஷம் காத்திருந்து, வருகிற செவ்வாய்க்கிழமைதான் அவனுடைய குடியுரிமை நேர்முகம். நல்ல காரியத்துக்கு முன்னால் வாயால் கெட்டது சொல்லலாமா? பல்லி சொன்னாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிறவன் அவன். ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் இருமிச் சமாளித்தான். அக்கா தேன் வாங்கிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஸ்கொட் வேஷத்தில் இங்கேயே பிறந்த கீர்த்தனன். அழுகை வரவேண்டுமென்று கண்ணோரம் வெங்காயம் வேறு தேய்த்திருந்தான். நித்தி சுத்தியலைத் தூக்கினான்.

"நீ... நீ இந்த நாட்டுக் குடிமகன்தான்!"

கீர்த்தனன் கண்ணீர் வழிய விழித்தான். "வெயிட், ஐ வொன்?"

"ஓம் தம்பி, வெண்டிட்டாய். வீட்டை போ."

மண்டபம் அதிரக் கைதட்டியது. திரைக்குப் பின்னால் பதினாறு சிப்பாய்கள் மரத்துவக்குகளோடு திருதிருவென்று நின்றார்கள். அக்கா பிரதியும் கையுமாக மேடைக்கே ஏறிவிட்டாள்.

"என்ன நித்தி செய்துபோட்டாய்? இனி நான் யுத்தத்தை எப்பிடித் தொடங்கிறது?"

நித்தி பஞ்சுமுடியைக் கழற்றினான். அந்த நேரத்தில் செவ்வாய்க்கிழமைகூட அவனுக்கு மறந்துபோயிற்று.

"தொடங்காதேங்கோ அக்கா. ஒரு யுத்தத்திலையிருந்துதானே நாங்கள் ஓடி வந்தனாங்கள்."

அக்கா பிரதியை மூடினாள். பிறகு மைக்கைப் பிடித்து, நாடகம் முடிந்தது, சாப்பாட்டு மேசையில் ரோல்ஸ் சூடாக இருக்கிறது என்று அறிவித்தாள். சிப்பாய்கள்தான் முதலில் போய் வரிசையில் நின்றார்கள்.