வித்தைக்காரரின் செயல்விளக்கம்

தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு வித்தைக்காரர் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவருக்கோ தலை கால் புரியவில்லை. குடியிருப்புகளில் சமையலறைத் தீயை அணைக்கும் செயல்விளக்கம் என்றால் அவரைத்தான் அனுப்புவார்கள்.

சட்டி எண்ணெயைப் புகைய விட்டுப் பற்றவைப்பார். நீளக் கம்பியில் கட்டிய குவளையால் அதில் தண்ணீரை ஊற்றுவார். தீ இரண்டு ஆள் உயரத்துக்கு எழும். கூட்டம் வாயைப் பிளக்கும், விசில் பறக்கும். இப்படிச் செய்யவே கூடாது என்று அவர் சொல்வது அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்? அதன் பிறகுதான் அடுப்பை அணைத்து, சட்டியை நகர்த்தாமல், மூடியைப் பக்கவாட்டில் சரித்து மூடுவார். தீ அடங்கிப்போகும். அதற்குள் பாதிப் பேர் கலைந்திருப்பார்கள். தண்ணீர் வேடிக்கையே வேண்டாம், மூடியை மட்டும் காட்டுங்கள் என்று நிலைய அதிகாரி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வேடிக்கை இல்லாவிட்டால் எவன் நிற்பான் என்று இவர் மடக்கினார். கைதட்டலில் ருசி கண்டவர்.

போன மாதம் தன் அக்காவின் குடியிருப்பில் செய்தபோது அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் தம்பி, என் தம்பி என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லி மாளவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் வீட்டு அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டது.

தீக்காயப் பிரிவில் முகம் முழுக்கக் கட்டோடு கிடந்தாள். வாய் மட்டும்தான் தெரிந்தது. வலிக்கிறது என்றுகூட அவள் சொல்லவில்லை.

"நீ செஞ்ச மாதிரியேதான்டா செஞ்சேன். மொதல்ல தண்ணி, அப்புறம் மூடி. மூடியக் கையிலயே வச்சிருந்தேன். எங்கடா தப்புப் பண்ணேன்?"

தப்பு உன் மேல் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் பேசிக்கலாம், தூங்குக்கா என்று எழுந்துவிட்டார். பயம், வேறென்ன? அக்கா தன்னை வெறுத்துவிடுவாளோ என்ற பயம்.

வியாழக்கிழமை காலையில் அவள் போய்விட்டாள்.

பிணவறை வாசலில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் ஒரே பேச்சு: தீயணைக்கிறவனின் அக்காவுக்கு இதுகூடத் தெரியவில்லையே. அக்காவின் கணவரான மாமா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நினைவு தப்பும்வரை அவள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள் என்றார். எனக்குப் புத்தியில்லை, தம்பி பேரைக் கெடுத்துவிட்டேன் என்று அதே புலம்பலாம்.

அதற்கு மேல் வித்தைக்காரரால் தாங்க முடியவில்லை.

"அவ மேல தப்பே இல்ல மாமா. நான் காட்டினதத்தான் செஞ்சா. கூட்டம் கைதட்டணும்னு நான்தான் மொதல்ல தண்ணி ஊத்திக் காட்டினேன்."

மாமா அடிப்பார் என்று நினைத்தார். அடித்திருந்தால் தேவலை. மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இத அவகிட்ட சொன்னியா?"