பேசாத் தண்ணீரும் எண்பத்து நாலு மரமும்

நல்ல புருஷனுக்கு விலையே கிடையாது என்று பாதிரியார் கோயிலில் சொல்லுவார். பாதிரியார் கடை வைத்து நடத்தியவரில்லை. லிதாரி ஊரில் ஸிடோரிஸின் விலை எல்லாருக்கும் மனப்பாடம்: அறுபது பிசின் மரம். இரண்டு வருஷமாக அதில் ஒரு கிளைகூடக் குறையவில்லை.

விலை சொன்னவன் ஸிடோரிஸ் இல்லை. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவழைக்க வேண்டுமானால், பிசின் மரத்துக்குச் செய்வதுபோலக் கீறிவிட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். விலை சொன்னவர் அவனுடைய சித்தப்பா பந்தேலிஸ். ஹியோஸ் தீவுத் துறைமுகத்தில் ஜவுளிக்கடை. தகப்பனில்லாத பையனைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தவர். வளர்த்த செலவை மரமாக வசூலிக்க நினைத்தவர். கணக்கையும் ஒளிக்க மாட்டார்.

“மாப்பிள்ளைக்கு நாப்பது. பொண்ணோட வாய்க்கு இருபது. ஆயுசு பூரா அந்த வாயைக் கேக்கப்போறவன் எங்க பையன். நஷ்டஈடு வாங்காம முடியுமா?”

அந்த வாய்க்குச் சொந்தக்காரி ஆர்கிரோ. வயது இருபத்தொன்பது. அப்பா மிக்கேஸின் மளிகைக்கடை அவள் கையில்தான் ஓடியது. மிக்கேஸ் நல்ல மனுஷன். இரண்டு தடவை கேட்டால் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பொத்தான் ஒன்று குறைகிறது என்று மன்னிப்பும் கேட்பார். அதனால் தன் கல்யாணப் பேரத்தை ஆர்கிரோவே பேசினாள். வீட்டில் மரம் எண்பத்து நாலு, பெண்கள் மூன்று. வகுத்தால் ஆளுக்கு இருபத்தெட்டு. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு மரமும் தங்கைகளின் மரம். அறுபதைக் கொடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் இருபத்து நாலை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

ஸிடோரிஸ் அவளுக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாங்குகிறவள் முகத்தில் ஆசை தெரிந்தால் விலை ஏறும், இது அரிச்சுவடி. அவள் இருபத்தஞ்சு என்பாள், பந்தேலிஸ் அறுபது என்பார். அவள் ஜவுளியில் முழம் குறைகிற கதையைச் சொல்லுவாள், அவர் வாய்க்கு இன்னும் இரண்டு மரம் சேர்க்கட்டுமா என்பார். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அந்த வருஷம் யோவான் திருநாளுக்குப் பேசாத் தண்ணீர் எடுக்க ஆள் இல்லை. திருநாளுக்கு முதல்நாள் சாயங்காலம் ஊற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வர வேண்டும். கொண்டுவருகிறவள் வாசல் தாண்டி வந்து பானையில் ஊற்றும்வரை ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் அது வெறும் தண்ணீர். பேசாமல் வந்தால், ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு மோதிரமோ பொத்தானோ அதில் போட்டு, சிவப்புத் துணி கட்டி, பூட்டுப் போட்டு வைப்பார்கள். மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பாட்டுப் பாடினால் யாருக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை என்று தெரிந்துவிடும். குடம் எடுக்கிறவள் தலைமகளாக, கல்யாணமாகாதவளாக, தாய் தகப்பன் இரண்டு பேரும் உயிரோடு இருப்பவளாக இருக்க வேண்டும். வழக்கமாக எடுக்கும் பீப்பாய்க்காரர் மகள் மாருகாவுக்குப் போன இலையுதிர்காலத்தில் கல்யாணமாகிவிட்டது. ஊரைச் சலித்துப் பார்த்ததில் சல்லடையில் நின்றவள் ஆர்கிரோ ஒருத்திதான்.

காபிக்கடையில் அரை நாள் சிரித்தார்கள். பிறகு பந்தயம் கட்டினார்கள். களத்துமேடு வரைக்கும் தாங்குவாள் என்று இரண்டு பேர். சின்னக் கோயில் வரைக்கும் என்று ஒருவர். ஊற்றிலேயே குடத்தைத் திட்டுவாள் என்று ஏழு பேர். வீடு வரைக்கும் என்று கட்டினவர் மிக்கேஸ் ஒருவர்தான். அதுவும் தகப்பன் என்ற தாட்சண்யத்துக்காக.

அவள் தங்கை பிபீனா மட்டும் தனியாக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, பதினாலு பொண்ணுங்க காத்துட்டிருக்கோம். நானும்தான். ஒரு கால் மணி நேரம். பல்லைக் கடிச்சுக்கோ.”

ஆர்கிரோ ஊற்றில் குடத்தை நிரப்பித் தோளில் ஏற்றினாள். வழிநெடுகப் பேச வைக்க ஆள் நிற்பார்கள், அதுவும் வழக்கம்தான். “ஆர்கிரோ, உன் கடைச் சர்க்கரையில மண்ணு கிடந்துச்சே!” என்றான் ஒருவன். தாண்டினாள். “தராசுக்குக் கீழே காந்தம் வச்சிருக்கியாமே!” என்றான் இன்னொருவன். நாக்கு நுனிவரை வந்த பதிலை முழுங்கினாள். நல்ல பதில். வீணாகப் போயிற்று.

களத்துமேட்டுத் திருப்பத்தில் ஒரு கழுதை குறுக்கே நின்றது. மேலே பந்தேலிஸ். திருநாளுக்காகத் துறைமுகத்திலிருந்து வந்திருந்தார். அவர் பின்னால் காபிக்கடைக் கூட்டம் மொத்தமும் நின்றது. அதில் மிக்கேஸைத் தவிரப் பந்தயம் கட்டியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஊற்றுப் பக்கத்து வீட்டு விதவை ரினியோவும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பந்தேலிஸ் கழுதையை விட்டு இறங்கி, தொப்பியை எடுத்துக் கும்பிட்டார். “எத்தனையோ நாள் கேட்டேன், ஒரு தடவையாவது என்னை முழுசாப் பேச விடு பொண்ணேன்னு. இன்னிக்கு யோவான் புண்ணியத்துல கிடைச்சுது. எல்லாரும் சாட்சி! மிக்கேஸ் பொண்ணுகிட்ட அறுபது மரம் கேக்கறேன். வேண்டாம்னா வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லட்டும். அவ வீட்டு வாசல் வரைக்கும் டைம் குடுக்கறேன். சொல்லலைன்னா, மௌனம் சம்மதம்!”

கூட்டம் கைதட்டியது. அக்கிரமம்தான், ஆனால் பேரம் என்று பார்த்தால் நயமான சரக்கு. ஆர்கிரோவே மனசுக்குள் ஒரு நொடி மெச்சினாள். அடுத்த நொடி கணக்குப் போட்டாள். வாசலில் அப்பா நிற்பார். சாட்சி வைத்துப் பேசியாச்சு என்று யாராவது சொன்னால் போதும், “அப்படின்னா சரி” என்று கையைக் கொடுத்துவிடுவார். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் மரம் பிழைக்கும், தண்ணீர் போய்விடும். பதினாலு பெண்கள்.

தலையைப் பின்னால் சாய்த்துப் புருவத்தை நன்றாக உயர்த்தினாள். ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும், அதற்குக் கிடையாது என்று அர்த்தம்.

“பாவம், வெயில் கண்ணுல அடிக்குது,” என்றார் பந்தேலிஸ்.

அவள் நடந்தாள். அவரும் கூடவே நடந்தார். எதிர்ப்பேச்சு இல்லாத ருசி அவருக்குப் புதுசு. நாலு எட்டுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். “அறுபது மரத்தோட உங்க கோவேறு கழுதை. ஆட்சேபணை இல்லையே? இல்லை. அப்புறம் பெரிய எண்ணெய்ச் சாடி ரெண்டு. நிறைச்சுத்தான்.” சின்னக் கோயிலைத் தாண்டும்போது எண்ணெயோடு தையல் மிஷினும் சேர்ந்திருந்தது.

கோயிலுக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவிலிருந்து ஸிடோரிஸ் வந்தான். பிசின் சொட்டி விழுவதற்காக மரத்தடியில் பரப்புகிற வெள்ளை மண்ணைச் சலித்துவிட்டு வந்தவன், புருவத்திலிருந்து பூட்ஸ்வரை மாவு மில்லில் விழுந்தவன்போல இருந்தான். கூட்டத்தைப் பார்த்தான். குடத்தைப் பார்த்தான். சித்தப்பா தையல் மிஷினுக்கு நூல்கண்டும் கேட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டான்.

“சித்தப்பா, போதும்.”

எல்லாரும் திரும்பினார்கள். அவன் குரல் எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது.

“என்னடா போதும்?”

“கேக்கறது.”

“அட, பேசறான்யா!” என்றாள் ரினியோ. முக்காலியைக் கீழே போட்டு உட்கார்ந்தாள். நடக்க ஆரம்பித்ததும் மறுபடி தூக்கிக்கொண்டாள்.

“அறுபது வேண்டாமா? எவ்வளவு வேணும்னு நீயே சொல்லேன், பெரிய மனுஷா,” என்றார் பந்தேலிஸ்.

ஸிடோரிஸ் ஆர்கிரோ பக்கத்தில் நடந்துகொண்டே யோசித்தான். கழுதை வேண்டாம், சாடி வேண்டாம், மிஷின் வேண்டாம் என்று விரல் மடக்கினான். பிறகு பெரிய உபகாரம் செய்கிறவன்போல, “ஐம்பது,” என்றான்.

ஆர்கிரோ குடத்தை ஆட்டாமல் இடது காலால் அவன் கணுக்காலில் ஓர் உதை விட்டாள்.

“ஆ! நாப்பத்தஞ்சு.”

இன்னொன்று.

“ஏய், இது செல்லாது!” என்று பந்தேலிஸ் வழியை மறித்தார். “காலால பேசறா! பேச்சுதானே இது? தண்ணி கெட்டுப்போச்சு!”

பேரம் அப்படியே நிற்க, வழியில் சட்டம் பேசினார்கள். ஊற்றிலேயே பந்தயம் தோற்ற ஏழு பேரும் உதையும் பேச்சுதான் என்றார்கள். மற்றவர்கள் அதெப்படி என்றார்கள். கடைசியில், மறுபடி முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த ரினியோ எழுந்து நின்றாள்.

“யோவ் ஜவுளிக்காரரே, என் புருஷன் முப்பது வருஷம் என்னை உதைச்சான், ஒரு வார்த்தை எனக்குப் புரிஞ்சதில்லை. தண்ணிக்கு மட்டும் புரிஞ்சிடுமா? வாய் திறந்தாளா? திறக்கலை. நடங்க.”

நடந்தார்கள். ஊர் வளைவு தெரிந்தது. ஸிடோரிஸ் கணுக்காலைத் தடவிக்கொண்டே, “நாப்பது,” என்றான். அவளுக்குக் கால் எட்டுவதற்குள் அவசரமாகச் சேர்த்தான்: “அது மாப்பிள்ளைக்குன்னு நீங்களே சொன்னது சித்தப்பா. வாய்க்கு இருபதுன்னீங்க. அந்த வாய் எங்கே? கால் மணி நேரமாக் காணோமே.”

கூட்டம் சிரித்தது. “இன்னிக்கு ஒரு நாள்டா முட்டாளே!” என்றார் பந்தேலிஸ். “நாளையிலேருந்து நீ கேக்கணும்!”

“கேக்கத்தானே போறேன்.” ஸிடோரிஸ் நின்றுவிட்டான். வெள்ளை மண்ணுக்குக் கீழே முகம் சிவந்தது தெரிந்தது. “வாரம் ரெண்டு தடவை மிக்கேஸ் கடைக்குப் போறேன். ஒவ்வொரு தடவையும் கால் கிலோ ஆணி. ரெண்டு வருஷம். வீட்ல ஒரு பீப்பா ஆணி கிடக்கு, அடிக்கறதுக்கு ஒரு பலகை இல்லை. எதுக்குப் போறேன்? ஆணிக்கா? அவ பேசறதை நின்னு கேக்கத்தான். அந்த வாய்க்கு நாம வாங்கக் கூடாது சித்தப்பா. நாமதான் குடுக்கணும். நாப்பதுல இருபதைக் கழிச்சுக்குங்க.”

ஆர்கிரோ நின்றாள். கால் கிலோ, கால் கிலோ என்று பேரேட்டில் அத்தனையும் அவள் கையால் எழுதியது. படகு கட்டுகிறான்போல என்று நினைத்திருந்தாள். இவ்வளவு ஆணி அடித்தால் மூழ்கிவிடுமே என்று கவலைகூடப் பட்டிருந்தாள். அவள் உதடு பிரிந்தது. வழிநெடுக ஏசியவர்களால் முடியாததை அவன் முடித்துவிடுவான் போலிருந்தது. குடத்தின் விளிம்பில் தண்ணீர் தளும்பி அவள் கழுத்தில் ஜில்லென்று விழுந்தது.

வாயை மூடினாள். நடந்தாள்.

“இருபதா?” பந்தேலிஸ் பின்னாலேயே ஓடிவந்தார். “வளர்த்தவன் நான்! சோறு போட்டவன் நான்! நாப்பது, ஒரு மரம் குறையாது!”

“இருபது.”

“முப்பத்தெட்டு, போ!”

“இருபத்திரண்டு.”

ஆர்கிரோ வாசலை நெருங்கிக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே நின்றார், பெண்கள் பானையைச் சுற்றி நின்றார்கள். இருபத்தெட்டில் நிறுத்து, இருபத்தெட்டில் நிறுத்து என்று மனசுக்குள் கத்தினாள். நல்ல வியாபாரியிடம் பேரத்தை விட்டிருந்தால் இருபத்தாறிலேயே முடிந்திருக்கும். இவன் நேர்மையானவன், அவர் இறங்கின அளவுக்குத் தானும் ஏறிக்கொண்டே வந்தான்.

“முப்பத்திரண்டு,” என்றார் பந்தேலிஸ், மூச்சிரைக்க.

“இருபத்தெட்டு,” என்றான் ஸிடோரிஸ்.

ஆர்கிரோவின் மனசு குளிர்ந்தது.

“உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், முப்பது!” பந்தேலிஸ் கையை நீட்டினார்.

அவள் காலை வீசினாள். அவன் எட்டுகிற தூரத்தில் இல்லை; இரண்டு உதையில் பாடம் படித்தவன் ஓர் அடி தள்ளித்தான் நடந்தான். கை கையில் விழுந்தது. சாட்சிகள் கத்தினார்கள். பந்தேலிஸ் தோற்றவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். முப்பதுக்கே அவர் முன்பே தயாராகத்தான் இருந்தார் என்று அந்த முகத்திலிருந்து ஆர்கிரோவுக்குப் புரிந்தது.

வாசலைத் தாண்டினாள். குடத்தைச் சாய்த்தாள். கடைசிச் சொட்டு பானையில் விழுந்ததும் பிபீனா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மற்றப் பெண்கள் மோதிரங்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள். மிக்கேஸ் பந்தயப் பணத்தை வசூலிக்கக் கூட்டத்துக்குள் ஓடினார்.

எல்லாரும் அவள் முதல் வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். ஸிடோரிஸ் வாசல்படியில் நின்று, தொப்பியைக் கசக்கிக்கொண்டு காத்திருந்தான்.

“இருபத்தெட்டுல நிறுத்தத் தெரியாதா உனக்கு?” என்றாள் ஆர்கிரோ.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தால், இன்னும் கேட்கக் காசு கொடுப்பான்போல இருந்தது.

“உள்ளே வா. முதல்ல முகத்தைக் கழுவு. சித்தப்பாவையும் கூப்பிடு, காபி போடறேன். அந்த ஆணியை எல்லாம் நாளைக்குக் கொண்டுவா, துருப்பிடிக்காததை வாங்கின விலைக்கே எடுத்துக்கறேன்.” இதைச் சொல்லிக்கொண்டே கடைக்குள் போய்ப் பேரேட்டைத் திறந்து, தங்கைகள் பார்க்கும்படி எழுதினாள்:

மொத்த மரம் எண்பத்து நாலு. ஆர்கிரோ எடுத்துக்கொண்டது முப்பது. மீதி ஐம்பத்து நாலு, ஆளுக்கு இருபத்தேழு. தங்கைகளுக்கு ஆர்கிரோ தர வேண்டிய பாக்கி: ஆளுக்கு ஒரு மரம்.