பத்தொன்பதாவது தாள்

நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்தி, எதிரொலி வராமலிருக்க உள்ளே பழைய மெத்தையைச் சாத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி மைக்கில் ராப் பாடிக்கொண்டிருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் என்ன பெயர் வைப்பார்கள்? நடுமாடி என்று வைத்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் வேலை எப்படியோ தப்பியது, பெயர் தப்பவில்லை. முப்பத்து மூன்று வயதில், முன்நெற்றி பின்வாங்கத் தொடங்கிய காலத்தில், அந்தப் பெயரை நாலு லட்சம் பேர் தெரிந்துவைத்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நடுமாடிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏழு வருடம், ஐந்து ஆல்பம் என்று ஒரு பெரிய இசைக் கம்பெனி அவனுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடம் என்றால் அந்த வாய்ப்பு இல்லை. மூன்று வாரமாக அவனைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது இதுதான்.

போட்டால் என்ன ஆகும்? பாட்டெல்லாம் அவர்களுடையது. எப்போது வெளியிடுவது என்பது அவர்கள் இஷ்டம். சுருளி என்று ஒருவன், இவனோடு ஒரே மேடையில் நின்றவன், முன்பு இதே கம்பெனியில் கையெழுத்துப் போட்டான். மூன்று வருடமாக அவன் ஆல்பம் கிடப்பில் கிடக்கிறது. தன் பாட்டைத் தானே மேடையில் பாடக்கூட அவனுக்கு அனுமதி வேண்டும். சரி, போடாவிட்டால்? இன்னொரு முறை யார் வந்து கதவைத் தட்டப்போகிறார்கள்? எழுதுவது, பாடுவது, போஸ்டர் அடிப்பது, மேடை கேட்டு மெயில் போடுவது, வராத பதிலுக்குக் காத்திருப்பது, இடையில் கிரீஸ் கையோடு லிஃப்ட் கயிறு மாற்றுவது என்று பத்து வருடம் தனியாளாக ஓடியிருந்தான். மூச்சு வாங்கியது. யாராவது ஒருவர் பாதியைத் தூக்கிக்கொள்ள மாட்டாரா என்று ஏங்கினான் என்பதுதான் உண்மை.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அவனைத் தூக்கிவிட்ட பாட்டே கையெழுத்துப் போட மாட்டேன் என்ற பாட்டுதான்.

‘பேனாவ நீட்டாத, பெருமைய காட்டாத,
என் தொண்டைக்கு வாடக நீ கேட்டு வராத!’

இப்படிப் போகும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் அவன், ‘போடுவியா?’ என்று கேட்பான். பத்தொன்பது தொண்டைகள் ஒன்றாக, ‘போட மாட்டோம்!’ என்று கத்தும். அவன் வேலை செய்யும் லிஃப்ட் ஒர்க்ஷாப்பில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பி நிற்கவைத்துப் பதிவுசெய்தது. ஒருத்தர் வாயில் சோறு இருந்தது, அதுவும் கேட்கும். மைக் பிடிக்க வந்த அவன் அக்காவும் ஆர்வக் கோளாறில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்திவிட்டாள். கம்பெனிக்கு முதலில் வேண்டியது அந்தப் பாட்டுதான். வெட்கமே இல்லாமல் அதையே விரும்பினார்கள். அதற்காக, அதில் கத்திய ஒவ்வொருவரும் ஒரு சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்கள்.

போட மாட்டோம் என்று கத்தியவர்களிடமே போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். நடுமாடிக்கு அதைக் கேட்கவே நாக்குக் கூசியது. ஆனால் ஒர்க்ஷாப்பில் யாரும் கிண்டல்கூடச் செய்யவில்லை. நீட்டிய இடத்தில் போட்டார்கள். ஸ்டோர் ரூம்காரர் கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. “உனக்குத்தானேடா, குடு” என்று பெட்டியின் மேல் வைத்துக் கிறுக்கிவிட்டு, மருமகனுக்கு ஃபோன் போட்டு, “என் குரல் பெரிய கம்பெனிக்குப் போகுதுப்பா” என்றார். கேன்டீன் அம்மாதான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கையைக் கழுவி, துடைத்து, உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். அவர் கையெழுத்துப் போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. இப்படிப் பதினெட்டு ஆயிற்று. பாக்கி அக்கா மட்டும்.

அக்கா வேலை செய்வது பல் செட் செய்யும் கூடத்தில். ஜன்னலோரம் நீளமான மேஜை, அதன்மேல் வரிசையாக அச்சுகள், ஊரில் உள்ளவர்களின் வாயெல்லாம் திறந்து வைத்தமாதிரி. மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் போனபோது அவள் ஒரு கீழ்த்தாடை அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“மூஞ்ச பாரு, மூணு நாள் தூங்காத மாதிரி. சாப்பிட்டியா?”

“ஆச்சு அக்கா. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு, நான் ஓடணும்.”

“கை மாவா இருக்கு, தெரியல? இது காயறதுக்குள்ள விட்டா அந்த மனுஷனுக்கு வாய் கோணிடும். நீயே படி, கேட்டுக்கறேன்.”

“ஒண்ணும் இல்லக்கா, சும்மா ஒரு தாள்.”

“சும்மா தாள்னா படிக்கறதுக்கு என்ன?”

இங்கே நடுமாடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்குக் கண்ணால் படித்தால் எதுவும் மண்டையில் ஏறாது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. வாயால் சொல்லிப் பார்த்தால்தான் விளங்கும். கம்பெனியின் நாற்பத்தோரு பக்க ஒப்பந்தத்தை லிஃப்டுக்குள் நின்று இருபது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பான். பதினேழாம் பக்கத்தை நாலு தாளத்தில் சொல்லிப் பார்த்தான். எந்தத் தாளத்திலும் அது நல்ல சேதியாக இல்லை.

இந்த ஒற்றைத் தாளை மட்டும் அவன் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. அது மற்றவர்கள் போடுவதுதானே!

அக்காவைச் சிரிக்கவைக்கலாம் என்று மேடையில் பாடுகிறமாதிரியே வேகமாக ஆரம்பித்தான். “கீழே கையொப்பமிடும் நான், இப்பாடலில் பதிவாகியுள்ள என் குரலை, நிறுவனம் பிரித்தோ சேர்த்தோ, கருவிகளைக் கொண்டு அதே குரலில் புதிதாக உருவாக்கியோ...”

வேகம் குறைந்தது.

“...நான் சொல்லாத எந்தச் சொல்லையும் சொல்லும்படியாக, எந்தப் பொருளுக்கும் எந்தக் கருத்துக்கும், எக்காலத்துக்கும் பயன்படுத்த மனமுவந்து சம்மதிக்கிறேன். இதற்கான முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன்.”

அக்கா மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “யாருக்கு எவ்வளவு குடுத்தாங்க?”

“யாருக்கும் ஒண்ணும் குடுக்கல.”

“சரி, இன்னும் ஏதோ இருக்கே. அடியில சின்னதா.”

தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தான். “மேற்கண்ட அனைத்தையும் இவருக்கு வரிவரியாகப் படித்துக்காட்டிப் பொருள் விளக்கினேன் என உறுதி கூறுகிறேன். சாட்சி.”

அதற்குக் கீழே அவனுடைய கையெழுத்து இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்காரர்கள் சிவப்பு அம்பு ஒட்டிய இடத்திலெல்லாம், டீவி பார்த்துக்கொண்டே பத்தொன்பது தாளிலும் மொத்தமாகப் போட்டு வைத்தது. வேலை மிச்சம் என்று நினைத்தான். போடலாமா வேண்டாமா என்று ஒரு கையெழுத்துக்காக மூன்று வாரம் தூங்காமல் கிடந்தவன், ஏற்கெனவே பத்தொன்பது போட்டிருந்தான். பத்தொன்பதும் பொய்.

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“ஒர்க்ஷாப்ல எல்லாரும் போட்டாச்சா?” அக்கா கேட்டாள்.

“போட்டாச்சு.”

“படிச்சுக் காட்டினியா?”

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டியிருந்தால் தேவலை. அவள் ஈரக் கையை உதறிவிட்டு, அவனிடமிருந்து தாளை வாங்கிப் பேனாவை எடுத்தாள்.

“நான் போட்டுடறேன். தெரிஞ்சே போடறேன், எனக்காக நீ கவலப்படாத. பத்து வருஷமா நாய் படாத பாடு படற, நான் பாத்துட்டுதான் இருக்கேன். மத்தவங்கள நீதான் பாத்துக்கணும்.”

“இரு அக்கா, ஒரு நிமிஷம்.” அவள் கையிலிருந்து தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். கம்பெனியில் அவன் விஷயத்தைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு ஃபோன் போட்டான்.

“சொல்லுங்க சார், கிளம்பிட்டீங்களா?” அவள் குரலில் எப்போதும் ஒரு குளுமை இருக்கும்.

“மேடம், அந்தச் சம்மதத் தாள்ல ஒரு வரி. அவங்க சொல்லாதத அவங்க குரல்ல சொல்ல வைக்கலாம்னு...”

“அது வழக்கமா இருக்கறதுதான் சார். எல்லாரும் போடறதுதான்.”

“அத எடுத்துடலாமா?”

“வக்கீல்களக் கேக்கணும். அவங்க திங்கக்கிழமைதான் வருவாங்க. இன்னைக்கு அஞ்சு மணிதான் கெடு, உங்களுக்கே தெரியும்.”

“அப்ப அந்தக் கோரஸ் இல்லாம பாட்ட மட்டும் எடுத்துக்கோங்களேன்.”

அவள் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை, நிஜமாகவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. “கோரஸ் இல்லாம அது என்ன பாட்டு சார்? எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதத்தான் பாடிட்டு இருக்காங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் குழப்பிக்கறீங்க? அவங்க யாராவது வந்து கேட்டாங்களா?”

யாரும் வந்து கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். அதுதான் அவனை அரித்தது. ஸ்டோர் ரூம்காரர் குரல் நாளைக்கு ஏதோ ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்கலாம், ஏதோ ஒரு லேகியத்தை விற்கலாம். அவர் அதைக் கேட்டால்கூட, ‘நம்ம பையன் படிச்சுக் காட்டினானே, நமக்குத்தான் புரியல போல’ என்று நினைத்துக்கொள்வார்.

மணி இரண்டே முக்கால். கம்பெனிக்குப் போக ஒரு பஸ், ஒர்க்ஷாப்புக்குப் போக ஒரு பஸ். முதலில் வந்தது கம்பெனி பஸ். படியில் ஒரு காலை வைத்துவிட்டான், பின்னால் நின்றவர் அவனைத் தள்ளவும் செய்தார். இறங்கிவிட்டான். இறங்கிய பிறகும் அது திருப்பத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த பஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தில் நகம் கடித்துக் கடித்து ஒரு விரலில் ரத்தம் வந்துவிட்டது.

ஒர்க்ஷாப்பில் தாளைத் திருப்பிக் கொடுப்பது வாங்கியதைவிடப் பெரும்பாடாக இருந்தது. வெல்டர், “என்னடா, எங்கள வேணாம்னுட்டானா?” என்றார். ஸ்டோர் ரூம்காரருக்கு முகமே தொங்கிப்போய்விட்டது. மருமகனுக்கு என்ன சொல்வதாம்? நடுமாடி விளக்க விளக்க, “என் குரல வெச்சு எவன் என்னத்த கிழிக்கப் போறான், நீ போய்க் குடுடா” என்று தாளை அவன் சட்டைப்பைக்குள்ளேயே திணித்தார். அவன் அதை எடுத்து அவர் பெட்டியின் மேல் வைத்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியாகக் கேன்டீன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “ஐயோ, தப்பா போட்டுட்டேனாப்பா? அன்னைக்கே நெனச்சேன், கடைசி எழுத்து நடுங்கிடுச்சு. வேற தாள் இருந்தா குடு, நிதானமா போடறேன்.”

“இல்லம்மா, நீங்க சரியாத்தான் போட்டீங்க. நான்தான் படிச்சுக் காட்டாம வாங்கிட்டேன். உக்காருங்க.”

படித்துக் காட்டினான். தாளம் இல்லாமல், வரிவரியாக, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி அர்த்தம் சொல்லி. பாதியில் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்து அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது. ஒரு டாக்ஸி பிடித்தால் இப்போதும் போய்விடலாம் என்று ஒரு கணக்கு அவன் தலைக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அம்மா கவனமாகக் கேட்டார். முடிந்ததும், “இதுல நான் போட்டா உனக்கு நல்லதா?” என்றார்.

பொய் சொல்லச் சின்னதாக ஓர் இடம் இருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

“எனக்கு நல்லதும்மா. ரொம்ப நல்லது. உங்களுக்குத்தான் ஒரு நல்லதும் இல்ல.”

அம்மா தாளை வாங்கினார். தன் கையெழுத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“அப்ப எனக்கு வேணாம்ப்பா” என்றார். நாலாக மடித்து, கிழித்து, அடுப்பங்கரைக் கூடையில் போட்டுவிட்டு, மிச்சப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனார்.

அவர் எப்படியும் சம்மதித்துவிடுவார் என்று தான் கடைசி நிமிடம்வரை நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் நடுமாடிக்கே தெரிந்தது.