பார்க்க ஒன்றுமில்லாத வளாகம்

பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் மாணவர்களுக்கு இருக்கை ஒதுக்குவது அவள் வேலை. யாருக்குப் பின்னால் யாரைப் போட்டால் கழுத்து நீளும், யாரை ஜன்னலோரம் உட்கார வைத்தால் காற்றில் விடை பறந்து வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாணவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ஹால் டிக்கெட். அது அவள் காதுக்கும் எட்டியது. பிடித்தும் போயிற்று.

காலை ரயிலைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இன்னொரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே அவள் கணவர் இயற்பியல் விரிவுரையாளர். வாரநாட்களில் அங்கேயே தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்புவார். இந்தக் குளிர்காலத்தில் மட்டும் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு என்று சொல்லி, ஒரு நாள் தள்ளியே வந்துகொண்டிருந்தார்.

அவருடைய தங்கை இவர்களோடு தங்கிக் கட்டடக்கலை படித்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பெயருக்குக் குறை வைக்காதவள்.

“அண்ணி, இந்தச் சனிக்கிழமை அண்ணனோட வளாகத்துக்குப் போய்ட்டு வரலாமா? மணிக்கூண்டை நேர்ல பார்த்து வரையணும்.”

ஹால் டிக்கெட்டுக்கும் ஆசைதான். அன்று மாலையே கணவரை அழைத்து, வாலுவும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“இங்க என்ன இருக்கு பார்க்க?” என்றார் அவர். “மணிக்கூண்டுல சாரம் கட்டியிருக்காங்க. ஒண்ணும் தெரியாது.”

“செடி வளர்க்கற கண்ணாடி வீடு?” என்றாள் வாலு.

“குளிருக்குப் பூட்டிட்டாங்க.”

“ஏரி?”

“உறைஞ்சு போச்சு.”

“உறைஞ்ச ஏரியத்தானே அண்ணா பார்க்கணும்.”

“முழுசா உறையல. அதான் ஆபத்துங்கறேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அவரே தொடர்ந்தார். “அப்புறம், ஹாஸ்டல் பக்கமெல்லாம் வெளி ஆளுங்கள விடவே மாட்டாங்க.”

ஹாஸ்டலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஹால் டிக்கெட்டின் புருவம் ஏறியது. தேர்வறையில் அவள் எத்தனையோ பேரைப் பிடித்தது இப்படித்தான். ‘காலுக்குக் கீழ கிடக்கற காகிதம் என்னோடது இல்ல மேடம்’ என்று தானாகச் சொல்பவன் பையில்தான் மீதிக் காகிதம் இருக்கும்.

“சரிங்க, வேண்டாம். குளிர்ல யாரு அலையறது,” என்று தேனாகக் குழைந்துவிட்டு போனை வைத்தாள்.

“என்ன அண்ணி, விட்டுட்டீங்க?”

“யாரு விட்டா? பறக்கும் படை வரப்போகுதுன்னு பறை அடிச்சுட்டா வரும்?”

சாப்பாட்டு மேசையிலேயே திட்டம் தயாரானது. சர்க்கரை டப்பா மணிக்கூண்டு, கவிழ்த்த தம்ளர் கண்ணாடி வீடு, தட்டு ஏரி. ரயில் நிலையத்திலிருந்து பிரதான வாசல் வழியாகப் போனால் அவர் கண்ணில் படலாம். ஏரிக்கரைப் பக்கவாசல்தான் பத்திரம். மூக்கு வரை மஃப்ளர் சுற்றிக்கொள்ள வேண்டும். குளிருக்கு அதை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

“அண்ணி, ஒருவேளை வேற யாராவது…” என்று வாலு இழுத்தாள்.

“உங்கண்ணனா? ஒரு சட்டை எடுக்க நாலு பேர்கிட்ட யோசனை கேக்கற மனுஷன்.” சிரித்துக்கொண்டே சொன்னாலும், நிமிர்த்திய தம்ளரை மறுபடியும் கவிழ்த்து வைத்தாள்.

சனிக்கிழமை. மணிக்கூண்டில் சாரமும் இல்லை, ஒரு கயிறும் இல்லை. துடைத்து வைத்தாற்போல் நின்றது. கண்ணாடி வீடு திறந்தே இருந்தது. உள்ளே நுழைந்ததும் வாலுவின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்து, ஒரு தொட்டியில் முட்டிக்கொண்டாள். ஏரியில் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. பொய் ஒன்றொன்றாக உதிர உதிர ஹால் டிக்கெட்டின் நடை வேகமெடுத்தது.

ஏரிக்கரைக் காவலாளியிடம் கணவரின் துறையையும் அடையாளத்தையும் சொல்லி விசாரித்தாள்.

“ஓ, சூப் சாரா? ஹாஸ்டல் சமையற்கூடத்துல இருப்பார். சீக்கிரம் போங்கம்மா, தீர்ந்துடும்.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் வெந்நீர் வைத்தார். வைத்ததை மறந்து, பாத்திரத்தின் அடி கருகி, கைப்பிடி மட்டும் தனியாகக் கையோடு வந்தது. ‘இனிமே அடுப்புப் பக்கம் வராதீங்க’ என்றாள் அவள். அவள் சொன்னவற்றில் அவர் ஒரு சொல்கூடப் பிசகாமல் கடைப்பிடித்தது அந்த ஒன்றைத்தான்.

அப்பேர்ப்பட்டவர் இடுப்பில் ஏப்ரன் கட்டி, அண்டாவுக்குப் பக்கத்தில் தளபதி மாதிரி நின்றிருந்தார். வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. “வெங்காயம் இன்னும் மெலிசா, அதுல பேப்பர் படிக்கலாம் போல இருக்கணும்,” என்று ஒரு மாணவனுக்குச் சொல்லிக்கொண்டே அண்டாவைத் துழாவினார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. காய்ச்சலோடு எழுந்து அடுப்பைப் பற்றவைத்த காலைகள் ஹால் டிக்கெட்டின் கண்முன் வந்து போயின. நெஞ்சு கொதித்தது. வரிசையில் நின்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிண்ணத்தை நிரப்பி, “அடுத்தது,” என்றார்.

மஃப்ளரைச் சற்று இறக்கி ஒரு வாய் குடித்தாள். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

“சார் எங்கம்மா கத்துக்கிட்டாரு?” என்று பக்கத்தில் நின்ற மாணவியிடம் மெல்லக் கேட்டாள்.

“பாவம் மேடம் அவரு. சனிக்கிழமை எங்க சமையல்காரருக்கு லீவு, வெறும் ரொட்டிதான் கிடைக்கும். அதைப் பார்த்துட்டு ஆரம்பிச்சாரு. வீட்லயும் அவர்தானாம். அவங்க மிஸஸுக்கு ஒண்ணுமே வராதாம். கல்யாணமான புதுசுல வெந்நீர் வைக்கறேன்னு பாத்திரத்தையே கருக்கிட்டாங்களாம். கைப்பிடி மட்டும் கையோட வந்துச்சாம்.”

வாலுவுக்குப் புரையேறியது. ஹால் டிக்கெட் கிண்ணத்தைப் பொறுமையாகக் காலி செய்தாள். மஃப்ளரை அவிழ்த்தாள். நேராகச் சமையற்கூடத்துக்குள் போனாள்.

அவர் கையிலிருந்த கரண்டி அண்டாவுக்குள் முழுகியது.

“என்னங்க,” என்றாள், குரலில் அப்படியொரு பணிவு. “எனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே. உங்களைப் பார்த்துக் கத்துக்கலாம்னு வந்தேன்.”

மாணவர்கள் மரியாதையோடு வழிவிட்டார்கள். யாரோ ஒரு பெண் ஓடிப்போய் இன்னொரு ஏப்ரன் கொண்டுவந்தாள்.

“வெங்காயத்தை எந்தப் பக்கம் உரிக்கணுங்க?”

அவர் முழுகிய கரண்டியைத் தேடி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

“பொறுமையாச் சொல்லிக் குடுங்க சார், கத்துப்பாங்க,” என்றான் வெங்காயம் நறுக்கிய மாணவன்.

அவர் சொல்லிக்கொடுத்தார். அவள் கத்தியைத் தலைகீழாகப் பிடித்தாள். உருளைக்கிழங்கைத் தோலோடு பாதியாக வெட்டி, “இவ்வளவு மெலிசு போதுமா?” என்றாள். அண்டாவில் கொதிக்கும் தண்ணீரைக் காட்டி, “இது ஏங்க இப்படிக் குதிக்குது?” என்று விசாரித்தாள். குளிர்காலத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் அவள் அரை உருளைக்கிழங்கை ஒழுங்காக நறுக்கிக் காட்டியபோது ஹாஸ்டலே கைதட்டியது. வாலு சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் மணிக்கூண்டை வரைவதாகப் பாவனை செய்தாள்.

மாலையில் ஏரிக்கரையில் மூவரும் நடந்தார்கள். அவர் வாத்துகளைப் பார்த்தபடியே வந்தார்.

“வெந்நீர்க் கதையில என்னை எதுக்குங்க மாட்டி விட்டீங்க?”

“எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க. வாயில வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல.”

“சரி. வீட்ல ஏன் ஒருநாளும் செய்யல?”

“வீட்ல செஞ்சா அது வேலை,” என்றார். “இங்க செஞ்சா கைதட்டறாங்க.”

அவள் நின்றாள். அது நியாயமா அநியாயமா என்று ஒரு கணம் அவளுக்கே புரியவில்லை. தனக்கு ஒருவரும் தட்டியதில்லையே என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும், அது அவருக்கும் அப்போதுதான் உறைக்கிறது என்று தெரிந்தது. சொல்லாமல் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு அடுப்பின் முன் நின்றார். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அண்ணியும் நாத்தனாரும் உட்கார்ந்தார்கள். அவர் அடுப்பைப் பற்றவைத்ததும் இருவரும் கைதட்டினார்கள். முட்டையை உடைத்ததற்குத் தட்டினார்கள். ரொட்டியைத் திருப்பிப் போட்டதற்கு வாலு எழுந்து நின்று தட்டினாள்.

“போதும், கேலி பண்ணாதீங்க,” என்றார் அவர். ஆனால் முதுகு நிமிர்ந்துவிட்டிருந்தது.

மதியம் சாப்பாடு முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, உள்ளே என்ன விசேஷம் என்று கேட்டார். “கச்சேரிங்க. இனிமே வாராவாரம் உண்டு,” என்றாள் ஹால் டிக்கெட். உள்ளே அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மட்டும் யாரும் தட்டவில்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.