மேட்டுப்பாளையத்துக்கு ஒரு நிமிஷம்

1

இந்தக் கதை என் எரிச்சலில் பிறந்தது. 1998-இல் கோவையில் ஒரு ஸ்டுடியோவில் கேமராவைப் பார்த்து வாரம் ஒரு வகுப்பாக எட்டு வாரம் வார்ப்பு உலோகவியல் நடத்தினேன். பாடம் செயற்கைக்கோளுக்கு ஏறி மேட்டுப்பாளையத்தில் ஒரு டிவியில் இறங்கும். (பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.) மாணவர்கள் என்னைப் பார்க்கலாம், நான் அவர்களைப் பார்க்க முடியாது. வகுப்பு முடிவில் சந்தேகம் கேட்க அவர்களுக்கு டெலிபோனில் ஒரு நிமிஷம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "விஞ்ஞான யுகத்தின் விடியலில், பொற்கொடி என்னும் ஒரு..." சகிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

பொற்கொடி மேட்டுப்பாளையத்தில் அந்த டிவி முன்னால் உட்கார்ந்து படித்தவள். தேறினால் கோவையில் கணபதிப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையின் சோதனைக்கூடத்தில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். போனில் எப்போதும் அவள்தான் வருவாள்.

"ஏனுங்க சார், நல்லா இருக்கீங்ளா?"

"இருக்கேன். கேள்வி?"

"சாப்ட்டுப்போட்டீங்ளா சார்? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்ளா?"

"கேள்வியக் கேளு அம்மணி."

"சார் நல்லாத்தான் நடத்தறீங்க. ஒரு சின்ன விசயமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க..."

லைன் கட்டாகிவிட்டது. எட்டு வாரமும் இதே கூத்து.*

* இந்த இடத்தில் அவளை அசடாகக் காட்டி உங்களைச் சிரிக்க வைக்கத்தான் நினைத்திருந்தேன்.

3

பரீட்சை மேற்பார்வைக்கு மேட்டுப்பாளையம் போனேன், பஸ்ஸில். பரீட்சை முடிந்ததும் அங்கிருந்த உதவியாளர் மயில்சாமி அடுத்த பாடத்துக்காக டிவியைப் போட்டார். வேறொரு வாத்தியாரின் குரல் கணீரென்று வந்தது. திரை கறுப்பாக இருந்தது.

"படம் எங்க?"

"அது மொதல்ல இருந்தே வரலீங்க சார். நீங்க பேசறது நல்லாக் கேக்குமுங்க. குறை சொன்னா சார் மனசு சங்கடப்படுமேன்னு நாங்க யாரும் வாயத் தொறக்கல. பொற்கொடிதான் பதமாச் சொல்லிப்போடறேன்னு போனை வாங்கிக்கும்."

எட்டு வாரம் இரும்பின் உள்ளமைப்பைப் பலகையில் வரைந்து வரைந்து, "இதப் பாருங்க, இதப் பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பொற்கொடி தன் விடைத்தாளில் படம் கேட்ட இடத்திலெல்லாம் அடிமட்டம் வைத்து ஒரு பெட்டி போட்டிருந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. தேறவில்லை.

4

முடிவு அ: மறுதேர்வு எழுதி அந்த வேலைக்கே போனாள். (பொய். அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.)

முடிவு ஆ: டெலிபோன் இலாகாவைத் திட்டி ஒரு பத்தி. நன்றாகத்தான் வந்தது, ஆனால்—

சரி, சொல்லித் தொலைக்கிறேன். மேலே லைன் கட்டாகிவிட்டது என்று எழுதினேன் அல்லவா, அது தானாகக் கட்டாகவில்லை. நிமிஷத்தில் இன்னும் இருபது நொடி பாக்கி இருந்தது. எரிச்சலில் நான்தான் பட்டனை அமுக்கினேன். எட்டுத் தடவையும்.

முடிவு இ: இதை அவள் வீட்டுக்கே போய் அவளிடம் சொன்னேன். "பரவாயில்லீங்க சார். இருந்து சாப்ட்டுப் போலாமுங்க" என்றாள்.

இதில் முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. யாராவது என்னை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும், அவள் கேட்க மாட்டாள். நீங்கள் கேளுங்கள். நலம் விசாரிக்காமல் ஆரம்பியுங்கள்.